ரெண்டும் ஒரே யுனிவர்சிட்டிதானே

நாகமலை புதுக்கோட்டை
14.5.2025

அன்புத் தம்பி விருமாண்டிக்கு அக்கா தங்கப்பொண்ணு எழுதுறது. நானும் உன் மச்சானும் சுகமா இருக்கோம். நீயும் ரெங்கம்மாளும் உன் மக ரோகிணியும் சுகந்தானே? உன் முதுகுப் பிடிப்பு இப்ப எப்படி இருக்கு?

லெட்டரைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டுறாதடா. நாங்க வீடு கட்டிக் குடிபுகுந்த அன்னைக்கு, பிளக்ஸ் போர்டுல உன் போட்டோவை மூலையில சின்னதாப் போட்டுட்டாகன்னு, மேளதாளத்தோட கொண்டாந்த சீர்வரிசையை வேன்ல இருந்து இறக்காமலே திரும்பிப் போனே. போன கையோட கருப்பசாமி கோயில்ல சூடத்தை அணைச்சு, இனி அக்காகிட்ட வாய் திறந்து பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டே. மூணு வருசமாச்சு. போன் போட்டா எடுக்குறதில்லை. நீ சத்தியம் பண்ணினது பேச்சுக்குத்தானே, எழுத்துக்கு இல்லையே. அதான் தபால்ல வாரேன்.

ரோகிணி பிளஸ் டூவுல வாங்கின மார்க்கைக் கேள்விப்பட்டு தெருவுக்கே மிட்டாய் குடுத்தேன். இஞ்சினியருக்குப் படிக்க வைக்கிறியாம், பிரைவேட் காலேஜ் வேணாம், கவர்மெண்டு யுனிவர்சிட்டி கேம்பஸ்தான்னு சொல்லிட்டியாம். சரியாத்தான் சொன்னே. அது வாங்கின மார்க்குக்கு மதுரை கேம்பஸும் கிடைக்கும், திருநெல்வேலி கேம்பஸும் கிடைக்கும்னு பேசிக்கிறாக. ரெண்டும் ஒரே யுனிவர்சிட்டி, ஒரே சர்டிபிகேட்டு. அப்புறம் எதுக்கு அம்புட்டுத் தூரம்? மதுரையிலயே சேர்த்துவிடு. கேம்பஸ் எங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரந்தான். மாடி ரூம் சும்மா கிடக்கு. என் கையால ஆக்கிப்போட்டுப் பார்த்துக்கிறேன். மறுவார்த்தை பேசாதே.

உன் அக்கா
தங்கப்பொண்ணு

உசிலம்பட்டி
23.5.2025

அக்காவுக்கு விருமாண்டி எழுதியது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். முதுகு உழவு நேரத்துலதான் பிடிக்கும், மழை இல்லாததால அதுவும் சும்மா கிடக்கு. உன் சர்க்கரை எப்படி இருக்கு?

உனக்குப் பதில் எழுதினா சத்தியம் முறிஞ்சுருமான்னு பூசாரியைப் போய்க் கேட்டேன். எழுதிக்கலாம், வந்த லெட்டரை மட்டும் வாய்விட்டு வாசிக்காதேன்னு சொன்னாரு. அதனால மனசுக்குள்ளயேதான் வாசிச்சேன்.

மனசுக்குள்ள வாசிச்சதுல ஒண்ணு நல்லா விளங்குச்சு. மூணு வருசமா எட்டிப் பார்க்காதவ, மார்க் வந்த வாரமே லெட்டர் போடுறே. மாடி ரூமுங்குறே, ஆக்கிப்போடுறேங்குறே. உன் மகன் அசோக்குமாருக்கு இருபத்தஞ்சு வயசு முடிஞ்சிருச்சு, இன்னும் பொண்ணு பார்க்கலை. நான் என்ன கேணப்பயலா? என் மகளை மாடியில ஏத்தி வச்சு நாலு வருசம் சோறு போட்டுட்டு, அஞ்சாவது வருசம் முறைப்பொண்ணு, உரிமைப்பொண்ணுன்னு பஞ்சாயத்துக்கு வந்து நிப்பே. ஊரும் ஆமான்னு சொல்லும்.

நான் மதுரை கேம்பஸ்னுதான் மனசுல வச்சிருந்தேன். காலையில டவுன் பஸ்ல போயிட்டு சாயங்காலம் வீடு வந்துரலாம், என் கண்ணு முன்னாடி இருக்கும். இப்ப நீ மதுரைன்னு சொன்னதும் எனக்கு அந்த மதுரையே பிடிக்கலை.

அசோக்குமார் இப்ப எங்க வேலை பார்க்குறான்? அதை மட்டும் எழுது.

விருமாண்டி

நாகமலை புதுக்கோட்டை
1.6.2025

தம்பி விருமாண்டிக்கு அக்காவின் ஆசீர்வாதம். சர்க்கரை அப்படியேதான் இருக்கு, நான்தான் அது சொல்றதைக் கேக்குறதில்லை. ரெங்கம்மாளுக்குக் கால்வலி தேவலையா?

ஏன்டா, அப்படியே உரிமை கேட்டாத்தான் என்ன தப்பு? கூடப்பிறந்த அக்கா கேக்காம வேற எவ கேப்பா? அசோக்கு குடிக்கிறானா, கூத்தடிக்கிறானா? தங்கமான புள்ள. அதைப் பத்திப் பேசுற நேரம் வரும்போது பேசிக்கலாம். இப்போதைக்கு மதுரை கேம்பஸ்ல சேர்த்துவிடு. மாடி ரூமுக்கு சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிட்டேன்.

திருநெல்வேலிக்கு மட்டும் அனுப்பிறாதே. அங்க நமக்கு யாரு இருக்கா? ஏதோ ஹாஸ்டலாம், வெந்ததும் வேகாததும் போடுவாக. புள்ளை என் கண் பார்வையில இருந்தாத்தான் எனக்கு நிம்மதி.

உன் அக்கா
தங்கப்பொண்ணு

உசிலம்பட்டி
10.6.2025

அக்காவுக்கு. இங்க எல்லாரும் சௌக்கியம். ரெங்கம்மாள் காலுக்கு எண்ணெய் தேய்க்கிறா, தேவலை.

நம்ம மாட்டு வியாபாரி சின்னச்சாமியை உன் தெருப்பக்கம் அனுப்பி வச்சேன். கோவிச்சுக்காதே, நீ என் இடத்துல இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பே. மாடி ரூமுக்குச் சுண்ணாம்பு மட்டுமா அடிச்சிருக்கே? புதுக் கட்டில், புது பீரோ, பீரோவுல ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. படிக்கிற புள்ளைக்கு எதுக்குடி அம்புட்டுப் பெரிய கண்ணாடி? கல்யாணப் பொண்ணுக்குத்தான் அது வேணும்.

அசோக்குமார் எங்கன்னு கேட்டதுக்குப் பதிலைக் காணோம். வீட்டோடதான் இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

முடிவு பண்ணிட்டேன். ரோகிணி திருநெல்வேலி கேம்பஸுக்குப் போகும். ஹாஸ்டல்ல வார்டன் அம்மா இருக்காக, ஆறு மணிக்கு மேல கேட்டைத் திறக்க மாட்டாகளாம். உன் வீட்டு மாடியைவிட அந்த கேட்டு எனக்கு நம்பிக்கையா இருக்கு. நீ கண்ணாடியில உன் முகத்தைப் பார்த்துக்க.

விருமாண்டி

உசிலம்பட்டி
12.6.2025

அன்புள்ள அத்தைக்கு ரோகிணி எழுதுவது. நான் நல்லா இருக்கேன். நீங்களும் மாமாவும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன்.

பலிச்சிருச்சு அத்தை! அப்பா நேத்து சாப்பிடும்போது, “திருநெல்வேலிதான், இனி அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது”ன்னு சொல்லிட்டாரு. நானும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, “ஹாஸ்டலா?”ன்னு கேட்டேன். அம்மா என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிச்சுச்சு, கண்டுபிடிச்சிருச்சோன்னு பயமா இருக்கு.

அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு அந்தக் கூட்டத்துல உங்களைப் பார்த்தேனோ இல்லையோ, என் பாடு பிழைச்சுச்சு. நான் போய் நெல்லைன்னு சொல்லியிருந்தா அப்பா மதுரைன்னு சொல்லியிருப்பாரு. நீங்க மதுரைன்னு சொன்னாத்தான் நெல்லைன்னு சொல்வாரு. எனக்கு ஏன் அந்த கேம்பஸ்தான் வேணுங்குறதை நேர்ல சொல்றேன், அன்னைக்கு வேட்டுச் சத்தத்துல ஒண்ணும் சொல்ல முடியலை.

கவுன்சலிங்ல காலேஜை லாக் பண்ற வரைக்கும் அப்பா மனசு மாறக் கூடாது. இன்னும் ஒரே ஒரு லெட்டர், நெல்லை வேணவே வேணாம்னு போடுங்க. எனக்குப் பதில் போடாதீங்க, தபால்காரர் அப்பா கையிலதான் குடுப்பாரு. போன்லயும் வேணாம், தினமும் என் போனை எடுத்துப் பார்க்குறாரு.

உங்க பேரு கெட்டுப் போகுது, தெரியும். மன்னிச்சுக்கங்க அத்தை.

ரோகிணி

நாகமலை புதுக்கோட்டை
20.6.2025

தம்பிக்கு. சுகமா இருக்கியா? எனக்கு எங்க சுகம் இருக்கு?

உன் லெட்டர் வந்த நாள்ல இருந்து சோறு இறங்கலை. தாமிரபரணித் தண்ணி அந்தப் புள்ளைக்கு ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு யோசிச்சியா? நெல்லை வேணாம்டா, வேணவே வேணாம். உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். கண்ணாடிதான் உன் கண்ணை உறுத்துதுன்னா அதைக் கழட்டி விக்கச் சொல்றேன். எனக்குன்னு இருக்கிறது ஒரே மகன், அவனுக்கு நாலு நல்லது பண்ணிப் பார்க்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா? நீ அனுப்புறேன்னா அனுப்பு, நான் பஸ் ஸ்டாண்டுல வந்து பஸ்ஸை மறிச்சுப் படுத்துக்கிறேன்.

உன் அக்கா
தங்கப்பொண்ணு

உசிலம்பட்டி
8.7.2025

அக்காவுக்கு. நல்லா இருக்கோம், நல்லா இரு.

பதில் போட நாளாயிருச்சு. காரணம் இருக்கு. உன் லெட்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சின்னப் புள்ளையிலயே நீ காலைப் பிடிக்கிற ஆள் இல்லை. அம்மியைத் தூக்கிக் கால்ல போட்டாலும் அழ மாட்டே. நீ அழுது எழுதினா அதுல ஏதோ இருக்குன்னு எனக்கு உறைச்சுச்சு.

சின்னச்சாமியை மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை உன் வீட்டுக்கு இல்லை, மச்சானோட செராக்ஸ் கடைக்கு. மச்சான் சூதுவாது தெரியாத மனுசன், டீ வாங்கிக் குடுத்து அவரே சொல்லியிருக்காரு. அசோக்குமார் ஏப்ரல் மாசத்துல இருந்து கயத்தாறு பக்கம் காத்தாலைக் கம்பெனியில வேலை பார்க்குறானாம். தங்கியிருக்கிறது எங்க? திருநெல்வேலியில!

அடியேய்! அதனாலதான் ரெண்டு தடவை கேட்டும் நீ வாயைத் திறக்கலையா? நெல்லை வேணாம் வேணாம்னு நீ கத்தினா, நான் வீம்புக்கு அங்கயே அனுப்புவேன்னு கணக்குப் போட்டிருக்கே. அங்க உன் மகன் பைக்கோட கேட்டுக்கு முன்னாடி நிப்பான். நான் ஏமாறத் தெரிஞ்சேன் பாரு, நினைச்சா உடம்பெல்லாம் எரியுது.

இனி மதுரைதான். மாடியும் கிடையாது, ஹாஸ்டலும் கிடையாது. நம்ம வீட்டுல இருந்து டவுன் பஸ். அடுத்த வாரம் கவுன்சலிங். காலேஜ் பேரையெல்லாம் வரிசையாப் போட்டு லாக் பண்ணணும், அதுக்கு வர்ற ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வரும். உன் வித்தை என் போன்ல பலிக்காது.

விருமாண்டி

நாகமலை புதுக்கோட்டை
11.7.2025

விருமாண்டி, ஸ்பீடு போஸ்ட்ல போடுறேன். நலம் விசாரிக்க நேரமில்லை, நல்லா இருப்பீங்க.

அசோக்கு நெல்லையில இருக்கிறது நிசம். அவன்கூட வேலை பார்க்குற கோவில்பட்டிப் பொண்ணு ஒண்ணு, அதைத்தான் கட்டுவேன்னு நிக்கிறான். நானும் சரின்னுட்டேன், ஐப்பசியில கல்யாணம். கட்டிலும் கண்ணாடியும் அவங்களுக்கு வாங்கினது. உன் மகளை நான் கேக்கலை, கேக்குற நினைப்பும் இல்லை. நம்ம குலசாமி மேல சத்தியம்.

மதுரை மதுரைன்னு நான் எழுதினது ரோகிணிக்காக. அழகர் ஆத்துல இறங்கின அன்னைக்கு அது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “எனக்கு நெல்லைதான் வேணும் அத்தை, நீங்க மதுரைன்னு எழுதுங்க”ன்னு கெஞ்சுச்சு. நீ என்னைச் சந்தேகப்படாம இருக்க மாட்டேங்குற நம்பிக்கையில எழுதினேன். மூணு வருசம் கழிச்சு உனக்கு எழுதுற முதல் லெட்டரையே பொய்யா எழுதுறோமேன்னு எனக்கு எம்புட்டு வலிச்சிருக்கும்னு நினைச்சுப் பாரு.

அது ஏன் அங்க போக ஆசைப்படுதுன்னு உனக்குத் தெரியலையா? போனைத் தடவிப் பார்க்குறே, பஸ் அஞ்சு நிமிசம் லேட்டானா கண்டக்டருக்கு போன் போடுறே. எந்தப் புள்ளைக்குத்தான் மூச்சு முட்டாது? உன் சந்தேகம் எட்டாத தூரத்துக்குப் போகணும்னு நினைக்குது. உன்கிட்ட இருந்து தப்பிச்சுப் போகணும்னுதான் என்கிட்ட வந்து நின்னுச்சு. அதைக் கூப்பிட்டு நீயே கேளு. கேட்டுட்டு லாக் பண்ணு.

தங்கப்பொண்ணு

உசிலம்பட்டி
22.7.2025

அக்காவுக்கு. இங்க எல்லாரும் நலம்.

உன் ஸ்பீடு போஸ்ட் லாக் பண்ற நாளைக்கு முன்னாடியே வந்துருச்சு. கேளுன்னு எழுதினியே, கேட்டேன். ரோகிணியை எதிர்ல உக்கார வச்சு, “அப்பாகிட்ட இருந்து தப்பிச்சுத் தூரமாப் போகணும்னு அத்தைகிட்ட சொன்னியா?”ன்னு கேட்டேன். “இல்லப்பா”ன்னு சொன்னா. அவ அம்மா தலையில கையை வச்சுச் சொல்லுன்னேன். வச்சுச் சொன்னா. என் மக தாய் தலையில கையை வச்சுப் பொய் சொல்ல மாட்டா. அப்ப யாரு பொய் சொன்னது?

நேரா பிரவுசிங் சென்டருக்குப் போனேன். “நெல்லை ஒண்ணுகூட வரக் கூடாது, மதுரை கேம்பஸ்ல என்னென்ன இருக்கோ அம்புட்டையும் வரிசையாப் போடுப்பா”ன்னு சொல்லி லாக் பண்ணிட்டேன். இன்னைக்கு மதுரை கிடைச்சிருச்சு. தப்பிச்சுப் போகணும்னு என் மக சொன்னதா எழுதினியே, அந்த ஒரு வரியை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

விருமாண்டி

உசிலம்பட்டி
29.8.2025

அக்காவுக்கு. நான் சுமாரா இருக்கேன். ரெங்கம்மாள் நல்லா இருக்கா. நீ பதிலே போடலை.

ரோகிணி காலேஜுக்குப் போயிருச்சு. டவுன் பஸ்னு சொன்னேன்ல, அதுக்கு ஒத்துக்கலை. “ஹாஸ்டல்னா சேர்றேன், இல்லைன்னா படிப்பே வேணாம்”னு ஒரே பிடி. ரெங்கம்மாளும் அது பக்கம் சேர்ந்துக்கிட்டா. இங்க இருக்கிற உசிலம்பட்டிக்காரனுக்குப் பக்கத்துல இருக்கிற மதுரையில ஹாஸ்டல், ஊரே சிரிக்குது. போன் போட்டா எடுக்குது. “சாப்பிட்டேன், தூங்குறேன், வச்சிரட்டுமா”ன்னு மூணே வார்த்தை. ஹாஸ்டல் யோசனை நீ சொல்லிக் குடுத்ததா? உன் வீட்டுக்கு வருதா? என்ன பேசுது? எனக்குத் தெரிஞ்சாகணும்.

விருமாண்டி

மாணவியர் விடுதி, மதுரை
7.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு ரோகிணி எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். சாப்பாடு பரவாயில்லை. அம்மா கால்வலிக்கு மாத்திரையை நிறுத்த வேணாம்னு சொல்லுங்க.

காலேஜ் சேர்ந்தப்புறம் இன்னைக்குத்தான் முதல் தடவையா அத்தை வீட்டுக்குப் போனேன். நீங்க கடைசியா எழுதின லெட்டரை அத்தை என் கையில குடுத்து, “நீயே பதில் எழுது, நான் எழுதினா விளங்காது”ன்னு சொல்லிருச்சு. முன்னாடி வந்த லெட்டர்களையும் கேட்டேன், குடுத்துச்சு. அத்தை எழுதினது என்னன்னும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன். நான்தான் அத்தையை எழுதச் சொன்னேன், அது நிசம். அதுக்கு நீங்க என்னை அடிச்சிருந்தாலும் வாங்கிக்கிட்டிருப்பேன். ஆனா உங்ககிட்ட இருந்து தப்பிக்கணும்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. அது அத்தையா நினைச்சுக்கிட்டது. நீங்க அதைக் கேட்டதும் இல்லைன்னு சொன்னேன். அடுத்து ஒண்ணு சொல்ல வந்தேன் அப்பா. “போதும், இது போதும்”னு எந்திரிச்சு சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டீங்க.

சொல்ல வந்தது இதுதான். எனக்கு சிவில் படிக்கணும். நம்ம ஊருப் பக்கம் அம்பத்தெட்டுக் கிராமக் கால்வாய்த் தண்ணி போக ஆகாசத்துல தொட்டிப்பாலம் கட்டியிருக்காகளே, எட்டாவது படிக்கும்போது நீங்கதான் டிவிஎஸ்ல கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்க. அதுக்கு அடியில நின்னு இது எப்படி நிக்குதுன்னு கேட்டேன். உங்களுக்கும் தெரியலை. அன்னைக்கு இருந்து அதுதான் படிக்கணும்னு இருந்தேன். நமக்குக் கிடைக்கிற ரெண்டு கேம்பஸ்ல சிவில் நெல்லையிலதான் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணுன்னு எல்லாரும் சொல்றீங்க. ஒண்ணு இல்லப்பா.

இப்ப கிடைச்சிருக்கிறது எலக்ட்ரானிக்ஸ். அரியர் வைக்காமப் படிப்பேன், பயப்படாதீங்க. ஹாஸ்டல் கேட்டது யார் சொல்லியும் இல்லை. வீட்டுல இருந்தா உங்க முகத்தைப் பார்த்துக் கோவப்படுவேன், அதுக்குத்தான்.

அத்தை குடுத்த லெட்டர் எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி வச்சுப் படிச்சேன். மாடி இருக்கு, கண்ணாடி இருக்கு, அசோக் மச்சான் இருக்காரு, பஸ் இருக்கு. நான் என்ன படிக்கப் போறேன்னு ஒருத்தர்கூட ஒரு இடத்துலயும் கேக்கலை. ரொம்ப நேரம் அழுதேன் அப்பா.

ரோகிணி

உசிலம்பட்டி
15.9.2025

என் மக ரோகிணிக்கு அப்பா எழுதுறது. நானும் அம்மாவும் இருக்கோம். அம்மா மாத்திரையை ஒழுங்காப் போடுறா.

உன் லெட்டர் வந்ததும் இது உங்க அத்தை சொல்லச் சொல்ல நீ எழுதினதுன்னுதான் முதல்ல நினைச்சேன். ரெண்டு நாள் அந்த நினைப்போடயே திரிஞ்சேன். உங்கம்மாகிட்ட சொன்னேன். கையில இருந்த கரண்டியைக் கீழ போட்டுட்டு, “அது எட்டாவதுல இருந்து சொல்லுது, உங்க காதுல விழலைன்னா நான் என்ன பண்ண”ன்னு சொல்லிட்டு அங்கிட்டுப் போயிட்டா. அன்னைக்குச் சோறு எனக்கு நானே போட்டுக்கிட்டேன்.

பிரவுசிங் சென்டருக்கு மறுபடி போய் மாத்த முடியுமான்னு கேட்டேன். லாக் பண்ணினது பண்ணினதுதான், சீட்டெல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொன்னாக. படியில கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு வந்தேன்.

இதை நீ என்கிட்டயே வந்து சொல்லியிருக்கலாமேன்னு எழுத உக்காந்தேன். எழுத வரலை. நீ வந்து சொல்லியிருந்தா, இந்தப் புள்ளைக்கு யாரு இதைச் சொல்லிக் குடுத்தாகன்னுதான் நான் விசாரிக்கப் போயிருப்பேன். அது தெரிஞ்சுதான் நீ சொல்லலை, இல்ல தாயி?

உன் சீட்டை நானே கெடுத்துட்டேன். வேற யாரும் இல்லை.

சின்னச்சாமிகிட்ட சிவில்னா என்னப்பான்னு கேட்டேன். கொத்தனார் வேலையத்தான் இங்கிலீஷ்ல சொல்றாகன்னான். அவன் சொன்னதை வச்சு நான் பட்டது போதும். நீ சொல்லு. லெட்டர்ல எழுதினாலும் சரி, ஞாயித்துக்கிழமை கேட்டுக்கு வெளிய வந்து நின்னு சொன்னாலும் சரி, நான் வாரேன். இப்பக் கேட்டு ஒண்ணும் ஆகப் போறதில்லைன்னு தெரியும். ஆனாலும் கேக்குறேன். அந்தப் பாலம் எப்படி நிக்குது?

அப்பா
விருமாண்டி